பார்வையின் விலை: வலைப்பக்கமும் விளம்பரமும் வளர்ந்த வரலாறு

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டா என்பது பழமொழி. மணமே சென்று வாங்குவோரை அழைத்து வந்துவிடும் என்பது அதன் கருத்து. கணிப்பொறித் திரையில் விரியும் பக்கத்திற்கோ மணமில்லை. அதனை எழுதுவோர்க்கும் பேணுவோர்க்கும் ஊதியம் வேண்டும். படிப்போரோ காசு கொடுத்துப் பழகியவர் அல்லர். இவ்விரு சாராருக்கும் இடையில் மூன்றாமவராக வந்து நின்றவர் விளம்பரதாரர். வலைப்பக்கத்தின் வடிவமைப்பு, அதன் பயன்பாட்டு எளிமை, அதில் இடம்பெறும் விளம்பரம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசப்படுபவை உண்மையில் ஒரே வழக்கின் மூன்று கிளைகளே. வாசகரின் கவனத்தை யார், எவ்வளவு, எந்த உரிமையில் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அவ்வழக்கு.

விலையில்லாப் பக்கம்

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989 மார்ச்சில் வலைக்கான முதல் திட்டவரைவை எழுதினார். 1991-இல் முதல் வலைத்தளம் வெளியுலகிற்குத் திறந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று, அதன் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. இவ்வறிவிப்பு இல்லையேல் வலை ஓர் ஆய்வகத்தின் கருவியாகவே நின்றிருக்கலாம்.

அந்நாளைய பக்கங்களில் எழுத்தும் இணைப்பும் மட்டுமே இருந்தன. எது தலைப்பு, எது பத்தி என்பதை மட்டும் எழுதுவோர் குறித்தனர். அது திரையில் எத்தகைய எழுத்துருவில், எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பதை வாசகரின் உலாவியே முடிவு செய்தது. பக்கத்தின் பொருள் எழுதியவருடையது, தோற்றம் படிப்பவருடையது என்ற பங்கீடு அதில் இருந்தது. வணிகத்திற்கும் அங்கே இடமில்லை. இணையத்தின் முதுகெலும்பாக விளங்கிய என்.எஸ்.எப்.நெட் அமெரிக்க அரசின் அறிவியல் நிறுவனம் ஒன்றால் நடத்தப்பட்டது. ஆய்வுக்கும் கல்விக்கும் உரியது என்று விதிக்கப்பட்டிருந்த அவ்வலையமைப்பு, 1995 ஏப்ரலில் ஓய்வு பெற்றது. அதன் பின் இணையப் போக்குவரத்து தனியார் வலையமைப்புகளின் வழியே சென்றது.

பங்கீடு குலைந்தது படத்தால். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மொசைக் உலாவியை உருவாக்கிய குழுவினருள் ஒருவரான மார்க் ஆண்டிரீசன், எழுத்தோடு எழுத்தாகப் படத்தையும் பக்கத்திற்குள்ளேயே காட்டும் முறையை 1993-இன் தொடக்கத்தில் முன்மொழிந்தார். பக்கம் அழகு பெற்றது. அதே வாயில் வழியாகத்தான் விளம்பரமும் பின்னர் உள்ளே வந்தது.

முதல் பதாகை

1994 அக்டோபர் 27 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் வயர்டு இதழின் இணைய வடிவமாக ஹாட்வயர்டு தொடங்கப்பெற்றது. அதன் பக்கத்தின் மேற்புறத்தில் நீண்ட செவ்வக வடிவில் ஒரு படம் இருந்தது. ஏடீ அண்டு டீ நிறுவனத்தின் விளம்பரம் அது. இங்கே எப்போதாவது சுட்டெலியால் சொடுக்கியதுண்டா என்று வாசகரைக் கேட்டு, இனிச் சொடுக்குவீர் என்று தானே விடையும் கூறியது. மூன்று மாத காலத்திற்கு அந்நிறுவனம் தந்த தொகை ஏறத்தாழ 30,000 டாலர். பார்த்தோருள் நூற்றுக்கு 44 பேர் அதனைச் சொடுக்கினர் என்பது பதிவாகியுள்ள செய்தி.

இந்நிகழ்ச்சியில் இலக்கிய அன்பர்கள் கருதத்தக்க செய்திகள் இரண்டு உண்டு. ஒன்று, ஹாட்வயர்டு விளம்பரத்தை நாடியதன் காரணம். இதழை நடத்த எழுத்தாளர்களுக்கு ஊதியம் தரவேண்டியிருந்தது. அதற்கு வேறு வருவாய் இல்லை. எழுதுவோரின் ஊதியத்திற்காகவே பதாகை பிறந்தது. மற்றொன்று, சொடுக்கியவர் சென்று சேர்ந்த இடம். அங்கே தொலைபேசி விற்கப்படவில்லை. கலைக்கூடங்களைச் சுற்றிக் காட்டும் பக்கங்கள் வைக்கப்பட்டிருந்தன. வாசகர் தந்த பார்வைக்கு ஈடாக அவருக்கு ஏதேனும் தரவேண்டும் என்ற எண்ணம் முதல் விளம்பரத்தை அமைத்தவர்களுக்கு இருந்தது. பின்வந்தோருள் பலர் பதாகையின் அளவை வைத்துக்கொண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டனர்.

விலகிச் சென்ற விழி

தோற்றத்தை யார் ஆள்வது என்ற பூசல் அதே ஆண்டில் வடிவமைப்பிலும் எழுந்தது. நார்வே நாட்டவரான ஹோகன் வியூம் லீ, 1994 அக்டோபரில் நடைத்தாள் முறையை முன்மொழிந்தார். எழுதுவோரின் விருப்பத்தையும் படிப்போரின் விருப்பத்தையும் அடுக்கி ஒத்திசையச் செய்வது அதன் நோக்கம். 1996 டிசம்பரில் அது தரமாக ஏற்கப்பட்டது. அதற்குள் வடிவமைப்பாளர்கள் பொறுமை இழந்துவிட்டனர். புள்ளிவிவரம் காட்டுவதற்கென இருந்த அட்டவணைகளைப் பக்கம் பிரிக்கும் சுவர்களாக்கினர். கண்ணுக்குத் தெரியாத நுண்படங்களை இட்டு இடைவெளி உண்டாக்கினர். 1996-இல் இவ்வுத்திகளை நூலாக எழுதிப் பரப்பிய டேவிட் சீகல், அடுத்த ஆண்டிலேயே வலையைத் தாமே கெடுத்துவிட்டதாக வெளிப்படையாக எழுதினார்.

அழகின் ஆரவாரத்திற்கு எதிராக வாசகர் பக்கம் நின்று பேசியவர்களுள் முதன்மையானவர் டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன். 1997-இல் ஜான் மோர்க்ஸ் என்பாருடன் இணைந்து அவர் நடத்திய ஆய்வில், ஆராயப்பட்ட வாசகருள் நூற்றுக்கு 79 பேர் புதிய பக்கத்தைக் கண்ணால் மேய்ந்தனர். சொல் சொல்லாகப் படித்தவர் 16 பேரே. நெப்ராஸ்கா மாநிலச் சுற்றுலா பற்றிய ஒரே செய்தியை ஐந்து விதமாக எழுதிச் சோதித்ததும் இவ்வாய்வின் பகுதியாகும். புகழ்ச்சிச் சொற்கள் நிரம்பிய விளம்பர நடை ஒன்று. சுருக்க நடை ஒன்று. மேய்வதற்கு ஏற்ற அமைப்பு ஒன்று. புகழ்ச்சி நீக்கிய நடுநிலை நடை ஒன்று. மூன்று திருத்தங்களும் சேர்ந்தது ஒன்று. புகழ்ச்சியை நீக்கியதால் மட்டும் பயன்பாட்டு எளிமை 27 விழுக்காடு கூடியது. சொற்களைப் பாதியாகக் குறைத்ததால் 58 விழுக்காடும், மூன்றையும் சேர்த்துச் செய்ததால் 124 விழுக்காடும் கூடின. மிகையான அடைமொழி படிப்போரின் வேலையைக் கூட்டுகிறது என்பதை அளந்து காட்டிய ஆய்வு இது. சொற்சிக்கனம் பேணும் கவிஞர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது.

1998-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்வே, லேன் என்னும் இருவர் மற்றொரு செய்தியைக் கண்டனர். ஒரு குறிப்பிட்ட விவரத்தைத் தேடும்படி சிலரைப் பணித்து, அதற்கான இணைப்பைப் பெரிய வண்ணப் பதாகையிலேயே வைத்தனர். தேடியோருள் பலர் அதனைக் காணவேயில்லை. பக்கத்திலேயே பெரிதாக இருந்ததைக் கண் தவிர்த்துச் சென்றது. இதற்குப் பதாகைக் குருடு என்று பெயரிட்டனர். நான்கே ஆண்டுகளில் வாசகரின் விழி, விளம்பரம் போல் தோன்றும் எதையும் விலக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

வலிந்து திறந்த சாளரம்

விழி விலகியதைக் கண்ட வணிகம் குரலை உயர்த்தியது. 1990-களின் பிற்பகுதியில் டிரைபாடு என்னும் தளம், எவரும் தமக்கெனப் பக்கம் அமைத்துக்கொள்ள இலவசமாக இடம் தந்து, விளம்பரத்தால் வாழ முயன்றது. பெயர் பெற்ற கார் நிறுவனம் ஒன்றின் விளம்பரம் ஆபாசமான பக்கம் ஒன்றில் இடம்பெற்றுவிட, அந்நிறுவனம் சினந்தது. விளம்பரம் அப்பக்கத்தோடு சேர்ந்தது என்ற எண்ணம் எழாதிருக்க, அதனைத் தனிச் சாளரத்தில் திறக்கும் நிரலை ஈதன் சக்கர்மன் எழுதினார். அழையாமல் எழுந்து நிற்கும் சாளரம் உலகெங்கும் பரவியது. 2014-இல் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில், தம் நோக்கம் நல்லதாகவே இருந்தது என்று கூறி அவர் மன்னிப்புக் கோரினார். விளம்பரத்தால் வாழ்வது என்று எடுத்த முடிவே வலையின் ஆதிப்பாவம் என்பது அவர் கருத்து.

வாசகரின் மறுமொழி விரைவில் வந்தது. 2004 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் திருத்தத் தொகுப்பில், எழுசாளரத்தைத் தடுக்கும் வசதியை மைக்ரோசாப்டே சேர்த்தது. வேறு உலாவிகள் சில முன்னரே அதனைச் செய்திருந்தன. வலிந்து திறந்த சாளரம் வாசகரின் கருவியாலேயே மூடப்பட்டது.

கேட்டதற்கு விடை

கூச்சலிடாத விளம்பரமே மிகுதியான பொருளீட்டியது என்பது இவ்வரலாற்றின் விந்தை. 1998-இல் கோட்டு டாட் காம் என்னும் தேடுதளத்தைத் தொடங்கிய பில் கிராஸ், தேடும் சொல்லை ஏலம் விடும் முறையைக் கொணர்ந்தார். அதே ஆண்டில் செர்ஜி பிரின், லாரி பேஜ் இருவரும் தம் ஆய்வுரையில், விளம்பரத்தால் வாழும் தேடுபொறி தேடுவோரை விடுத்து விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று எச்சரித்திருந்தனர். ஆயினும் அவ்விருவரின் கூகுளே 2000 அக்டோபரில் 350 வாடிக்கையாளருடன் ஆட்வேர்ட்ஸ் திட்டத்தைத் தொடங்கியது.

அதன் விளம்பரங்கள் படமின்றிச் சில வரிகளாக இருந்தன. 2002-இல் செய்த மாற்றம் முக்கியமானது. ஏலத்தொகை மட்டுமின்றி, வாசகர் எத்தனை பேர் சொடுக்குகின்றனர் என்பதும் வரிசையைத் தீர்மானித்தது. மிகுதியாகப் பணம் தருபவர், பயனற்ற விளம்பரம் தந்தால் கீழிறங்குவார். வாசகரின் விருப்பத்திற்கு ஏலத்தில் ஓர் இடம் கிடைத்தது. 2003-இல் வந்த ஆட்சென்ஸ் திட்டம், பக்கத்தின் பொருளுக்கேற்ற விளம்பரத்தைச் சிறு தள உரிமையாளர்க்கும் வழங்கி வருவாயில் பங்கு தந்தது. தனியொருவர் எழுதும் பக்கமும் சிறிதளவேனும் பொருளீட்ட வழி பிறந்தது.

ஆனால் பார்வையைக் கேட்டுப் பெற்ற விளம்பரம், பின்னர்ப் பார்ப்பவரையே பின்தொடரலாயிற்று. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி உருவாக்கிய குக்கி என்னும் சிறு குறிப்பு, வாங்குவோரின் கூடையில் உள்ளதை நினைவில் வைப்பதற்கானது. பல தளங்களில் பதாகை இடும் ஒரே நிறுவனம், தன் பதாகையுடன் தன் குக்கியையும் வைத்தால், ஒருவர் எங்கெங்கே சென்றார் என்பதைக் கோத்துப் பார்க்க இயலும். இவ்வழியில் வளர்ந்த டபுள்கிளிக் நிறுவனத்தை 3.1 பில்லியன் டாலருக்கு வாங்குவதாகக் கூகுள் 2007-இல் அறிவித்தது. இதற்கும் மறுமொழி எழுந்தது. விளம்பரத் தடுப்பான்கள் பெருகின. 2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2020 மார்ச்சில் ஆப்பிளின் சபாரி உலாவி அயல்தளக் குக்கிகளை முற்றிலும் தடுத்தது. தானும் அவ்வாறே செய்வதாக 2020-இல் அறிவித்த கூகுள், 2024-இல் பின்வாங்கியது.

தமிழ்ப் பக்கங்கள்

ஹாட்வயர்டு தோன்றிய ஓராண்டிற்குப் பின், 1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று வலையேறியது. நா. கோவிந்தசாமியின் முயற்சியால் அதில் இடம்பெற்ற தமிழ்க் கவிதைகளே முதல் தமிழ் வலைப்பக்கங்களாகக் கருதப்படுகின்றன. ஆங்கில வலையின் முதல் பதாகை விளம்பரம் ஓர் இதழில் வந்தது போலத் தமிழ் வலையின் முதல் பக்கம் கவிதையோடு வந்தது.

தமிழ் வாசகரின் இடர் வேறு வகையானது. பக்கத்திற்கு ஓர் எழுத்துரு என்றிருந்த காலத்தில், அதனைத் தருவித்துப் பொருத்தாதவர் கண்டது வெறும் குறியீட்டுக் குவியலே. பொருத்தமான எழுத்துருவைத் தந்து உதவுவதே அன்று பயன்பாட்டு எளிமையின் முதற்பாடம். தளத்திற்குத் தளம் குறியாக்கம் மாறியதால் தேடுபொறிக்கும் அவை புலப்படவில்லை. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியாக்கத்திற்கும் தரம் கண்டது. பின்னர் யூனிகோடு முறை பரவியபோதுதான் தமிழ்ப் பக்கம் எக்கணிப்பொறியிலும் தமிழாகவே தோன்றிற்று. ஆட்சென்ஸ் திட்டம் தமிழை ஏற்றதோ 2018-இல்தான். ஆங்கிலத்தில் எழுதியவர்க்கு 2003-இல் கிட்டிய வழி, தமிழில் எழுதியவர்க்குப் பதினைந்து ஆண்டுகள் திறக்கவில்லை.

அவ்விடைக்காலத்தில் தமிழ் வலையின் பெரும்பகுதியைத் தாங்கியவர்கள் ஊதியம் கருதாதவர்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குச் சான்று. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் பண்டை நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி, விலையின்றி வலையேற்றினர். அப்பக்கங்களில் அணியில்லை, ஆரவாரமில்லை. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், உதவியோர் பெயர், பின்னர் நூல் என்பதே அவற்றின் அமைப்பு. மேய்ந்து செல்லும் கண்ணுக்கும் நின்று படிக்கும் கண்ணுக்கும் அவை ஒருங்கே பயன்பட்டன.

இவ்வரலாற்றில் ஒன்று மட்டும் மாறாமல் வருகிறது. தந்ததைவிட மிகுதியாக வாசகரிடம் பறிக்க முயன்றபோதெல்லாம், வாசகர் தம் பார்வையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். முதலில் விழியால், பின்னர்க் கருவியால், அதன் பின்னர்ச் சட்டத்தால். தீராதது மற்றொரு கணக்கு. எழுதுவோர்க்கு ஊதியம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு ஹாட்வயர்டு கண்ட விடை பதாகை. மதுரைத் திட்டம் கண்ட விடை தன்னார்வம். முதல் விடையில் வாசகரின் பொறுமை செலவாகியது. இரண்டாவதில் தொண்டரின் இரவுகள் செலவாகின்றன. தளம் அமைக்க முனையும் எவரும், அச்செலவை யார் தலையில் ஏற்றுகிறோம் என்று எண்ணிப் பார்த்த பின்னரே முதல் பக்கத்தை வரைதல் வேண்டும்.