சித்திரை வெயிலில் மதுரை வீதிகள்

பொட்டிபுரத்திலும் போடி மலைச்சரிவிலும் வாழ்கின்ற வாசகருக்கு மதுரை புதிய ஊரன்று. துணி எடுக்க, மருத்துவரைப் பார்க்க, சித்திரைத் திருவிழாவுக்கு என்று பலமுறை போய் வந்திருப்பீர்கள். ஏலக்காய்த் தோட்டக் காற்றுக்குப் பழகிய உடம்பு அங்கே இறங்கியதும் திணறும். போடி மதுரையைவிட ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் கீழிறங்கினால் 10 டிகிரி சூடேறும் என்ற கணக்குப்படி, இந்த உயரத்துக்கு இரண்டரை டிகிரிதான் வேறுபாடு. எனினும் திணறல் அதைவிடப் பெரிதாக இருக்கிறதே, ஏன்? மதுரையில் கால்நடையாக ஒரு பகல் சுற்றிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். கூடவே வரலாறும் கொஞ்சம் தெரியவரும்.

கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றை ஒன்று சூழ்ந்து வீதிகள் அமைந்திருப்பதை அறிவீர்கள். எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பவை வெளி வீதிகள். நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த இடம் அது. 1840ஆம் ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அவர் நினைவாக நட்ட விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. நெரிசல் குறைய அந்த வேலை தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ஊரைச் சுற்றியிருந்த நீர் வளையம் அன்றோடு போயிற்று.

வீதிகள் பெரும்பாலும் நான்கு திசைகளை ஒட்டியே செல்கின்றன. காலையிலும் மாலையிலும் வடக்குத் தெற்காகச் செல்லும் வீதியில் ஏதாவது ஓர் ஓரத்தில் நிழல் இருக்கும். நண்பகலில்? மதுரையின் அட்சரேகை ஏறத்தாழ 9.9 டிகிரி வடக்கு. ஏப்ரல் 16ஐ ஒட்டிய நாளில் சூரியன் நேராக உச்சிக்கு வந்துவிடுகிறது. அன்று பகல் 12 மணி 17 நிமிட அளவில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இராது. (பன்னிரண்டு மணிக்கே ஏன் இல்லை என்று கேட்கும் மாணவர், நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது என்பதை நினைவுகொள்க.) ஏறத்தாழ 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரமும் அவ்வேளையில் வீதிக்கு நிழல் தராது. நிழல் வேண்டுமானால் கூரைக்கடியில்தான் போகவேண்டும்.

வெறுங்காலோடு பிரகாரத்தில் நடந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கருங்கல்லும் அதன்மேல் விரித்த தென்னைநார்ப் பாயும் ஒரே வெயிலில்தான் கிடக்கின்றன. கல் சுடுகிறது, பாய் சுடுவதில்லை. கல் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால், உள்ளேயுள்ள வெப்பமும் விரைந்து பாதத்துக்கு வந்து சேர்கிறது. நாருக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. வெள்ளை பூசிய கல் அவ்வளவு சுடாததற்குக் காரணம் வேறு: அது ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இனி கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துக்கு வாருங்கள். திருமலை நாயக்கர் (ஆட்சி 1623-1659) கட்டியது. 333 அடி நீளம், 105 அடி அகலம். நெடுங்காலம் தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் நிறைந்திருந்ததால் பலர் இதை ஒரு கடைத்தெருவாகவே அறிந்திருந்தார்கள். இதன் பழைய பெயர் வசந்த மண்டபம். வைகாசியில் நடக்கும் வசந்த விழாவுக்கு, அதாவது கோடை வெப்பம் தணியாத நாட்களில், இறைவனை எழுந்தருளச் செய்யக் கட்டியது. உள்மண்டபத்தைச் சுற்றித் தாழ்வான ஒரு கால்வாய் ஓடுகிறது. அதில் நீர் நிரப்புவார்கள்.

இக்கால்வாய் என்ன செய்யும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,430 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி குளிர்விக்க 1,200 ஜூல் நீக்கினால் போதும். எனவே ஒரே ஒரு லிட்டர் நீர் ஆவியானால், 200 கன மீட்டர் காற்றை 10 டிகிரி குளிர்விக்கும் அளவு வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இப்படித்தான். அழகர் மீது நீர் பீய்ச்சுகிறவர்களின் தோப்பறையில், தோலின் வழியே கசியும் நீர் செய்வதும் இதுவே.

நம் உடம்பும் ஒரு மண்பானைதான். நடக்கும்போது உடம்பில் ஏறத்தாழ 300 வாட் வெப்பம் தோன்றுகிறது. காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையான 35 டிகிரியை மிஞ்சிவிட்டால், காற்றுபட்டு வெப்பம் வெளியேறாது, உள்ளே வரும். அப்போது வியர்வை ஒன்றே வழி. கணக்குப்படி மணிக்கு அரை லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். வெயிலும் சேர்ந்தால் இன்னும் மிகுதி. நீர்மோர்ப் பந்தலைத் தாண்டிப் போகாதீர்கள். ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டிவிட்டாலோ வியர்வையும் கைவிட்டுவிடும். நிழலில் சும்மா அமர்ந்திருக்கும் நலமான மனிதனும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டான். புவி சூடேறும் இந்நாளில் உலகெங்கும் அறிஞர்கள் இந்த எண்ணைக் கவலையோடு கவனிக்கிறார்கள்.

1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலில் எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. பருத்த சுவரும் உயர்ந்த கூரையும் வெளி வெப்பம் உள்ளே வந்துசேரப் பல மணி நேரம் பிடிக்கச் செய்கின்றன. அங்கிருந்து வண்டியூர்த் தெப்பக்குளம் செல்லுங்கள். 1645இல் வெட்டிய இதற்கு வைகையிலிருந்து வாய்க்கால் உண்டு. பல ஆண்டுகள் வறண்டு, பிள்ளைகள் பந்தாடும் திடலாகக் கிடந்து, அண்மைக் காலத்தில் மீண்டும் வைகை நீர் கண்டிருக்கிறது. எல்லா நீர்நிலைகளுக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சிக் கட்டிடம் எழுந்தது. உலகனேரிக் கண்மாயில் 2004இல் உயர்நீதிமன்றக் கிளை அமைந்தது. வேண்டிய கட்டிடங்கள்தாம். ஆயினும் ஒவ்வொரு கண்மாயும் நாள்தோறும் ஆவியாக்கி வாங்கிக்கொண்ட வெப்பம் இன்று தாரிலும் காங்கிரீட்டிலும் தங்கி, இரவில் ஊருக்குள்ளேயே வெளிப்படுகிறது. போடிக்காரரின் திணறலுக்கு இரண்டரை டிகிரி போக மீதிக் காரணம் பெரிதும் இதுதான்.

முடிந்தால் இரண்டு வெப்பமானிகளைக் கையோடு கொண்டுபோங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, புதுமண்டபத்தின் நிழலில் விசிறிக்கொண்டே இரண்டையும் படியுங்கள். வறண்ட நாளில் வேறுபாடு 10 டிகிரிக்கும் மேல் வரும். அந்தக் கால்வாய் நீரால் மண்டபக் காற்றை அதிக அளவாக எவ்வளவு குளிர்விக்க முடியும் என்பதை அந்த எண் சொல்லிவிடும்.