பெரிபெரி

தயமின் எனப்படும் பி1 வைட்டமின் குறைவதால் நரம்புகளையும் இதயத்தையும் மூளையையும் தாக்கும் நோய். தீட்டிய பச்சரிசியை முதன்மை உணவாகக் கொண்ட ஆசிய மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பேரளவில் உயிர்ச்சேதம் விளைவித்தது.

நரம்புகள் குளுக்கோஸிலிருந்து ஆற்றல் பெறத் தயமின் இன்றியமையாதது. உடலில் இதன் இருப்பு ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான். உணவில் வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். உலர்வகைப் பெரிபெரியில் நரம்புச் சிதைவு பாதத்தில் தொடங்கி மேலேறும். இரு கால்களிலும் ஒருசேர எரிச்சலும் மதமதப்பும் தோன்றும். கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கும். குந்தியவர் கையூன்றாமல் எழ முடியாது. முற்றினால் பாதம் தொங்கிவிடும். ஈரவகையில் கால்கள் வீங்கி, இதயம் தளரும். தாய்க்குத் தயமின் குறைந்திருந்தால், தாய்ப்பால் ஒன்றையே குடிக்கும் கைக்குழந்தைக்கும் நோய் வரும். அக்குழந்தை வாய் திறந்து அழும், குரல் எழும்பாது.

பழஞ்சீன மருத்துவ நூல்கள் கூறும் கால்நோய் இதுவாக இருக்கலாம் என்பர், உறுதியில்லை. ஐரோப்பியருள் இதை முதலில் விவரித்தவர்களில் ஒருவர், 1631இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்த டச்சு மருத்துவர் போன்டியஸ். அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்குக் குறிப்புகள் அருகியே காணப்படுகின்றன. நீராவி அரிசி ஆலைகள் பரவி, தவிடும் முளையும் நீங்கிய வெள்ளரிசி எளியவர் தட்டுக்கும் வந்தபோது நோய் பெருகியது.

ஜப்பானியக் கடற்படையில் 1882-83இல் பயணம் சென்ற ரியூஜோ என்னும் பயிற்சிக் கப்பலில் 169 பேர் நோயுற்று 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ, 1884இல் அதே வழியில் சென்ற ட்ஸுகுபா கப்பலுக்கு இறைச்சியும் பாலும் கூட்டிய உணவை ஏற்பாடு செய்தார். அதில் இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. புரதக் குறைவே காரணம் என அவர் கருதியது தவறு. மருந்தாக அவர் தந்த உணவு சரி. தரைப்படை மருத்துவர்கள் இதை ஏற்காமல் வெள்ளரிசியையே தொடர்ந்தனர். 1904-05 ருசிய-ஜப்பானியப் போரில் தரைப்படை வீரர் சுமார் 27,000 பேர் பெரிபெரியால் மாண்டனர்.

டச்சு அரசு 1886இல் பெக்கெல்ஹாரிங், விங்க்லர் என்னும் இரு மருத்துவ ஆய்வாளரை இந்நோயை ஆராய ஜாவாவுக்கு அனுப்பியது. கிருமியே காரணம் என்ற முடிவோடு அவர்கள் ஊர் திரும்ப, உடன் வந்த மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் பத்தாவியா இராணுவ மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளராகத் தங்கினார். 1889 ஜூலையில் அவர் ஆய்வுக்கு வளர்த்த கோழிகள் கால்களை அகட்டித் தள்ளாடத் தொடங்கின. கிளையில் ஏறி அமர முயன்று சரிந்தன. பின் படுத்தே தீனி தின்றன. இறுதியில் மூச்சுத் திணறி இறந்தன. நுண்ணோக்கியின் கீழ், பெரிபெரியில் போலவே, அவற்றின் நரம்பிழைகள் சிதைந்திருந்தன. நோய்ப்பட்ட கோழியின் இரத்தத்தைச் செலுத்தியும் மற்றக் கோழிகளுக்கு நோய் வரவில்லை. நவம்பர் இறுதியில் எஞ்சியவை தாமாகவே தேறின.

விசாரித்ததில், ஆய்வுக்கூடப் பணியாளர் சிக்கனம் கருதி மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்கு இட்டுவந்தது தெரிந்தது. பிறகு வந்த சமையற்காரர், படைவீரர் அரிசியைப் படையில் இல்லாத கோழிகளுக்குத் தர முடியாது என மறுத்திருக்கிறார். எய்க்மானே பின்னாளில் கூறிய செய்தி இது. அச்சமையற்காரரின் மறுப்பு இல்லாதிருந்தால் கோழிகளின் நோய்க்குக் காரணம் புலப்பட்டிருக்குமா என்பது ஐயமே. மனிதரிடமும் இவ்வாறே உண்டா என அறிய மருத்துவ ஆய்வாளர் ஃபோர்டர்மான் ஜாவா, மதுரா தீவுகளின் 101 சிறைகளை ஆராய்ந்தபோது, தீட்டிய அரிசி உண்டவர்களில் 39 பேருக்கு ஒருவரும், தீட்டாத அரிசி உண்டவர்களில் 10,000 பேருக்கு ஒருவரும் நோயுற்றிருந்தனர். எனினும் மாவுச்சத்தில் நஞ்சு இருப்பதாகவும் தவிடு அதை முறிப்பதாகவும் எய்க்மான் நெடுநாள் எண்ணியிருந்தார். நரம்புக்கு வேண்டிய பொருள் ஒன்று தவிட்டில் இருக்கிறது என 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் ஆய்வைத் தொடர்ந்த கிரைன்ஸ். கண்டுபிடிப்பின் பெருமை இருவரில் யாருக்கு என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் இந்நோயால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பியதைக் காட்டினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிப் படிகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நெல் அவிக்கும் வழக்கம் எதற்காகத் தோன்றியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குத்தும்போது நொய்யாகாது, பூச்சி அண்டாது என்பன பொதுவாகச் சொல்லப்படுபவை. எக்காரணத்தால் தோன்றியிருப்பினும், அண்டாவில் ஆவி பறக்க நெல் அவித்த பெண்களின் உழைப்பு மலாயாத் தோட்டங்களில் எண்ணற்ற கால்களைக் காத்தது. மருத்துவர்கள் ஃபிரேசரும் ஸ்டான்டனும் மலாயாவின் நெகிரி செம்பிலானில் ஜாவானியத் தொழிலாளரிடம் நடத்திய சோதனை பிராடன் கண்டதை உறுதி செய்தது. ஆயினும், கெட்டுப்போன அரிசியின் நஞ்சே காரணம் என்ற பிராடனின் விளக்கத்தை அவர்கள் ஏற்கவில்லை. இந்தியாவில் பச்சரிசி உண்ட வடஆந்திரக் கடற்கரை மாவட்டங்களே நோய்க்களமாக இருந்தன.

1926இல் பத்தாவியாவில் ஆய்வாளர்கள் யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து வைட்டமினைப் படிகமாகப் பிரித்தனர். சோதனைக்குப் பயன்பட்டவை போண்டோல் என்னும் சின்னஞ்சிறு நெற்குருவிகள். 1929இல் எய்க்மான் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1936இல் வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் தயமினைச் செயற்கையாக உருவாக்கினார்.

மூளையைத் தாக்கும் வடிவத்தை 1881இல் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்திருந்தார். கண்ணசைவுக் கோளாறு, தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியன அதன் குறிகள். இது குடிகாரர் நோயாகவே கருதப்பட்டுவந்தது. இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் மது கிடைக்காத போர்க்கைதிகளிடம் மருத்துவர்கள் டி வார்டனரும் லெனாக்ஸும் இதைக் கண்டு 1947இல் வெளியிட்டனர்.

இன்று குடிப்பழக்கம் மிக்கவர்கள், இடைவிடாத வாந்தியுள்ள கர்ப்பிணிகள், உடல் பருமனுக்காக இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோரிடமும், கம்போடியா, லாவோஸ் நாடுகளில் கைக்குழந்தைகளிடமும் இந்நோய் காணப்படுகிறது. தயமின் ஊசி போட்டால் இதயம் சில மணி நேரத்தில் தேறத் தொடங்கும். நரம்புகள் மீள மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுமையாக மீள்வதில்லை.