தேயிலையின் ஜாட்

ரிங்லெட்டில் நாங்கள் இருந்த லயத்துக்கு எப்போதாவது ஒரு பெரியவர் வருவார். பல தோட்டங்களில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஐந்தாம் படிவம் படித்த வருடம், என் பரீட்சை மதிப்பெண்களைக் கேட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “விடுங்க. ஜாட்டு நல்லா இருந்தாத்தானே கொழுந்து நல்லா வரும்.” அப்பா சிரித்து வைத்தார். ஜாட் என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன விதம் புரிந்தது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். ‘ஜாட்’ என்பது தேயிலைத் துரைமார்களின் தொழில் சொல். அசாம் ஜாட், மணிப்பூரி ஜாட், சீன ஜாட் என்று விதையை வகை பிரிப்பார்கள். வட இந்திய மொழிகளில் சாதியைக் குறிக்கும் அதே சொல்தான். பெரிய, வெளிர்பச்சை இலை என்றால் உயர்ந்த ஜாட். சிறிய, கரும்பச்சை இலை என்றால் தாழ்ந்த ஜாட். இலையைப் பார்த்தே வம்சத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பினார்கள்.

செடி அந்த நம்பிக்கைக்குக் கட்டுப்படவில்லை. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ல் ரிங்லெட்டுக்குப் பக்கத்தில் போ தோட்டத்தைத் தொடங்கியபோது, கட்டிங் வைத்துத் தேயிலை நடும் முறை இன்னும் பரவியிருக்கவில்லை. அந்தக் காலத்துத் தேயிலை விதைத் தேயிலை. தேயிலைப் பூ தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காது, வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். அதனால் ஒவ்வொரு விதையும் புதுக் கலப்பு. ஒரே மூட்டை விதையில் முளைத்த நிரையில்கூட ஒரு தூர் முந்தித் துளிர்க்கும், அடுத்தது பிந்தும். ஒன்றின் இலை அகலமாக இருக்கும், பக்கத்திலிருப்பது ஒடுங்கி நிற்கும்.

இந்தக் குழப்பத்துக்குள் ஒரு கணக்கு உண்டு என்று காட்டியவர் கிரிகோர் மெண்டல். அவர் தேயிலையை எடுத்திருந்தால் தோற்றிருப்பார். அவர் எடுத்தது பட்டாணி. அது தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், சில மாதங்களில் அடுத்த தலைமுறையைக் கொடுத்துவிடும். உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தார். பிறந்தவை அத்தனையும் உருண்டை. சுருக்கம் ஒழிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் அந்த உருண்டைகளை மறுபடி விதைத்து, விளைந்ததை ஒவ்வொன்றாக எண்ணினார். 7,324 விதைகள். 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. ஒரு தலைமுறை முழுக்கக் கண்ணில் படாதது, கொஞ்சமும் மாறாமல் திரும்பி வந்திருந்தது. 1865-ல் புருன் நகரில் இதை வாசித்தார். 1900 வரை உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை.

பள்ளியில் இதை மலாயில் படித்தேன்: டொமினன், ரெசெசிஃப். தமிழ்ப் பாடநூலைப் பிறகு பார்த்தபோது ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்றிருந்தது. ஓங்குவது உயர்ந்தது, ஒடுங்குவது தோற்றது என்று காது கேட்டுக்கொள்கிறது. மெண்டல் அந்த லத்தீன் சொல்லை எடுத்தது பின்வாங்கி நிற்பது என்ற பொருளில். கலப்பில் மறைந்து, பிறகு அப்படியே வெளிவருவதால் அந்தப் பெயர். அதில் மட்டம் என்ற பொருளே இல்லை.

அந்தச் சுருங்கிய பட்டாணியையே பாருங்கள். அது ஏன் சுருங்குகிறது என்பதை 1990-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் ஒரு நொதியின் மரபணுவுக்குள் வேறொரு துண்டு புகுந்து, அதைக் கெடுத்துவிட்டது. மாவாகாத சர்க்கரை விதையிலேயே தங்குகிறது. சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது, காயும்போது விதை சுருங்குகிறது. அதாவது, ஒடுங்கிய பண்புள்ள பட்டாணிதான் இனிப்பு.

சொல்லைத் தப்பாகக் கேட்டதன் விலை சின்னதில்லை. ‘மந்த புத்தி’ என்பது பட்டாணியின் சுருக்கம் போல ஒரே ஒடுங்கு காரணியால் வம்சத்தில் இறங்குகிறது என்று ஹென்றி காடர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். 1927-ல் வர்ஜீனியாவின் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ரிங்லெட்டில் தேயிலை நடுவதற்கு இரண்டே வருடம் முன்பு. எங்கள் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெரியவர் சொன்னதும் அதே வாதம்தான், தோட்டத்துப் பாஷையில். பள்ளிக்குப் போய்வரும் தூரம், வீட்டில் எரியும் ஒற்றை விளக்கு, விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பும் அம்மா, இதெல்லாம் அவர் கணக்கில் வரவில்லை. விதை மட்டும் வந்தது.

தேயிலையே ஜாட்டைக் கைவிட்டுவிட்டது என்பதுதான் வேடிக்கை. நல்ல தூர் ஒன்று கிடைத்தால் அதன் விதையை நம்பாமல் கட்டிங் எடுத்து நடுகிறார்கள். அசாமின் டோக்லாய் ஆய்வு நிலையம் 1949-ல் முதல் குளோன் வகைகளை வெளியிட்டது. எந்த விதையும் தாயைப் போலவே வரும் என்று உத்தரவாதம் தராது என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த வழி பிறந்தது. அதற்கும் ஒரு விலை உண்டு. எல்லாத் தூரும் ஒன்றேயானால், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும்.

அப்பா கவ்வாத்து வெட்டியவர். விதைத் தேயிலை நிற்கும் மலைகளில் வருடக்கணக்காகக் கத்தி பிடித்தவர். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அவரிடம் கேட்டேன், “அந்தப் பெரியவரு ஜாட்டுன்னு சொன்னாரே, ஞாபகம் இருக்காப்பா?”

“இருக்கு. அவரு ஆபீஸ்ல ரிஜிஸ்டர் எழுதுனவரு. ஒருநாளாவது கத்தி பிடிச்சிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டாரு.” கொஞ்ச நேரம் கழித்து, “அன்னிக்கே இதச் சொல்லியிருக்கணும். சிரிச்சுட்டேன்” என்றார்.