காத்தேப் யாசின்: ஒரு கதையும் பல மேடைகளும்
அல்ஜீரியாவின் பிரெஞ்சு மொழி இலக்கியத்தில் பெரிய திருப்பத்தை உண்டாக்கியவர் காத்தேப் யாசின் (1929–1989). கவிதை, நாடகம், நாவல் மூன்றிலும் எழுதினார். ஆனால் அவருக்கு இவை தனித்தனி அறைகள் அல்ல. அதே மனிதர்களும் அதே சம்பவங்களும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் தாராளமாகப் போய்வருவார்கள்.

கிழக்கு அல்ஜீரிய நகரமான கான்ஸ்தந்தீனில் பிறந்தார். தந்தை இஸ்லாமியச் சட்டம் பயின்ற வழக்கறிஞர். குர்ஆன் பள்ளியில் ஓதிக்கொண்டிருந்த மகனை, நாட்டை ஆளும் பிரெஞ்சுக்காரரின் மொழி தெரியாமல் முன்னேற முடியாது என்று கணக்குப்போட்டுப் பிரெஞ்சுப் பள்ளிக்கு மாற்றினார். மகன் பாடத்தில் மூழ்கி அந்நியமாவதைக் கண்ட தாய், தனக்கும் அந்த மொழியைக் கற்றுத்தரும்படி கேட்டாராம். இதைப் பிற்காலத்தில் ஆறாத காயமாகவே யாசின் எழுதினார்.

1945 மே 8 ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். செத்தீஃப் நகரின் வெற்றி ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடி உயர்ந்தது, போலீஸ் சுட்டது. தொடர்ந்த கலவரத்தில் ஐரோப்பியர் சுமார் 100 பேர் இறந்தனர். பதிலுக்கு ராணுவமும் குடியேறிகளின் ஆயுதக் குழுக்களும் வாரக்கணக்கில் நடத்திய வேட்டையில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர் மாண்டனர். அங்கே படித்துக்கொண்டிருந்த யாசினுக்கு 15 வயது. அவரும் கைதாகிச் சிறையில் அடைக்கப்பட்டார். மகன் சுட்டுக் கொல்லப்பட்டான் என்று நம்பிய தாய்க்குச் சித்தம் கலங்கியது. பள்ளியும் யாசினை வெளியேற்றியது. பிறகு போன் நகரில், இன்றைய அன்னாபாவில், ஏற்கெனவே மணமான உறவுக்காரப் பெண்ணின் மேல் காதல் வந்தது. கொலைகள் நடந்த அந்த மே மாதமும் கைகூடாத அந்தக் காதலும் அவருடைய எழுத்தை விட்டுக் கடைசிவரை நீங்கவில்லை.

1946இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. ‘அல்ஜே ரெபுப்ளிக்கேன்’ நாளிதழில் செய்தியாளர், அல்ஜீயர்ஸ் துறைமுகத்தில் சுமைகூலி எனப் பிழைத்தபின் பாரிஸ் போனார். விடுதலைப் போர் வெடித்த சமயத்தில், 1954–55இல், ‘எஸ்ப்ரி’ இதழ் அவருடைய ‘சுற்றிவளைக்கப்பட்ட பிணம்’ நாடகத்தை வெளியிட்டது. செத்தவர்களும் சாகிறவர்களும் குவிந்துகிடக்கும் தெருவில் அது தொடங்குகிறது. பிரான்சில் மேடையேற்ற வழியில்லாததால், இயக்குநர் ழான்-மரி செரோ 1958இல் பிரஸ்ஸல்ஸில் நடத்தினார்.

அந்த நாடகத்தின் நாயகன் லக்தர், 1956இல் வந்த ‘நெஜ்மா’ நாவலிலும் வருகிறான். லக்தர், முஸ்தபா, ரஷீத், முராத் என்ற நான்கு நண்பர்கள். நால்வரையும் ஈர்க்கும் நெஜ்மா. அவளுடைய தாய் பிரெஞ்சுக்காரி, தந்தை யாரென்பது உறுதியில்லை. காவலிலிருந்து லக்தர் தப்பிவருவதில் தொடங்கும் கதை முன்னும் பின்னும் அலைந்து, தொடக்கத்தில் வந்த காட்சிகளுக்கே திரும்புகிறது. சம்பவங்களை வரிசைப்படுத்த முயலும் வாசகர் பாதியில் களைத்துப்போவார். அரபுச் சிந்தனை வட்டமாகச் சுழல்வது என்று பதிப்பாளர்கள் முன்னுரையில் விளக்கம் தந்தார்கள். அதைவிட, யாசின் விரும்பிப் படித்த அமெரிக்க நாவலாசிரியர் ஃபாக்னரை நினைத்துக்கொள்வது அதிகம் உதவும். அப்பன் பெயர் உறுதியில்லாத நெஜ்மாவை அல்ஜீரியாவாகவே விமர்சகர்கள் வாசித்துவந்திருக்கிறார்கள்.

போரில் வென்று எடுத்த பொருளைப் போன்றது பிரெஞ்சு என்று சொன்னவர், நாடு விடுதலை பெற்றபின் அந்தப் பொருளையே ஒதுக்கிவைத்தார். நாவல்களைப் படிக்க முடியாத மக்களை எட்ட வேண்டும் என்பதே காரணம். வியத்நாம் பயணத்தையொட்டி ஹோ சி மின் பற்றிய நாடகத்தை 1970இல் பிரெஞ்சில் வெளியிட்டுவிட்டு நாடு திரும்பினார். 1971இல் ‘முகமதே, பெட்டியை எடு’ மேடையேறியது. பிரான்சுக்குக் கூலிவேலைக்குப் போகிறவர்களின் கதை. மொழி தெருவில் பேசும் அரபு. பாட்டும் கேலியும் நிறைந்த இத்தகைய நாடகங்களை அவருடைய நாடகக் குழு தொழிற்சாலைகளுக்கும் கிராமங்களுக்கும் கொண்டுபோனது. அரங்கப்பொருள் மிகக் குறைவு. நடிகர்கள் பார்வையாளர் கண்முன்னே உடைமாற்றி அடுத்த பாத்திரமானார்கள்.

அரசு செவ்வியல் அரபை வளர்த்த காலம் அது. பேச்சு அரபுக்கும் பெர்பெர் மொழிக்கும் வாதாடிய யாசினை ஆட்சியாளர்கள் ரசிக்கவில்லை. 1978இல் சிதி பெல் அப்பெஸ் வட்டார நாடக அரங்கின் இயக்குநர் பதவி கிடைத்தது. தலைநகரிலிருந்து தூர அனுப்பும் ஏற்பாடு என்று அதைப் பலர் சொன்னார்கள். 1987இல் பிரான்ஸ் தன் தேசிய இலக்கியப் பெரும்பரிசை அவருக்கு அளித்தது. கடைசியாக எழுதியது பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டையொட்டி ரோபெஸ்பியர் பற்றிய நாடகம். 1989 அக்டோபர் 28 அன்று கிரெனோபிள் நகரில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். விடுதலைப் போர் தொடங்கிய நாளான நவம்பர் 1 அன்று அல்ஜீயர்ஸில் அடக்கம் செய்யப்பட்டார்.