மடை திருப்ப ஒரு விளக்கு: அரிக்கேன் முதல் எல்ஈடி வரை



ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு, நெல், மரவள்ளி வைக்கிறவங்களுக்கு ராத்திரி வேலை புதுசு இல்லை. மும்முனை கரண்ட் எப்போ வருதோ அப்போதான் மோட்டார் ஓடும். பல நாள் அது நடுராத்திரிதான். மடை திருப்ப மண்வெட்டியும் வேணும், விளக்கும் வேணும். நீங்க கல்வராயன் மலைக்கு டென்ட்டோட எடுத்துட்டு வர்ற எல்ஈடி விளக்கும் எங்க வரப்பு விளக்கும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பக் கதைதான் இன்னிக்கு.

முதல்ல அரிக்கேன் விளக்கு. ஹரிக்கேன் என்றால் சூறாவளி; காற்றில் அணையாது என்பதால் அந்தப் பெயர். ரெண்டு பக்கமும் இருக்கும் குழாய் சும்மா பிடிமானத்துக்கு என்று பலர் நினைப்பாங்க. வெளிக்காற்று அது வழியாத்தான் கீழே இறங்கித் திரிக்குப் போகும். காற்று சுடரில் நேரா மோதாது. 1870களில் அமெரிக்காவில் ஜான் இர்வின் செய்த வேலை இது.

அடுத்தது பெட்ரோமாக்ஸ். 1910 வாக்கில் ஜெர்மனியின் பெர்லினில் வந்தது. பெட்ரோலியத்தோட முன்பாதியும், கம்பெனிக்காரர் மாக்ஸ் கிரேட்ஸ் பெயரும் சேர்ந்த பெயர். பம்ப் அடிச்சா மண்ணெண்ணெய் ஆவியாகி மேண்டிலில் எரியும். அந்த மேண்டில் 1885ல் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் கண்டுபிடித்தது. தோரியம், சீரியம் உப்பில் ஊறவைத்த துணிதான் அது. முதல் தடவை கொளுத்தும்போது துணி எரிஞ்சு சாம்பல் கூடு மட்டும் நிக்கும். பளீர்னு வெளிச்சம் தருவது அந்தக் கூடுதான். தொட்டா உதிர்ந்துடும், 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி, செந்திலிடம் பட்ட பாடு ஞாபகம் இருக்கும்.

அந்தத் தோரியம் மோனசைட் மணலில் கிடைப்பது. 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், கப்பலில் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை வைத்து அது இருக்குமிடத்தைக் கண்டுபிடிச்சார். இடம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. நம்ம கடற்கரை மணல் ஐரோப்பாவுக்குப் போய் விளக்காக எரிந்திருக்கு.

பிறகு டார்ச் லைட் வந்தது. புகை இல்லை, ஆனா ஒரு கையை அது எடுத்துக்கும். மண்வெட்டிக்கு ரெண்டு கையும் வேணுமே! கக்கத்தில் இடுக்கிக்கிட்டு வெட்டினவங்கதான் நாங்க எல்லாம்.

இதுக்கு வழி சுரங்கத்தில்தான் முன்னாடியே இருந்தது. 1914 வாக்கிலேயே எடிசன் சுரங்கத் தொழிலாளிக்குத் தொப்பியில் விளக்கும் இடுப்பில் பேட்டரியும் வைத்தார். பேட்டரி கனம். அந்தக் கனத்தைக் குறைத்ததில் பெரிய பங்கு எல்ஈடிக்கு. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்ஈடி வந்தது. அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை வெளிச்சம் எடுத்தாங்க. அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014ல் நோபல் பரிசு. அதனாலதான் இன்னிக்கு தலை லைட் கட்டிக்கிட்டு ரெண்டு கையாலயும் மடை வெட்டுறோம்.

ஆனா ஒண்ணை இழந்துட்டோம். அரிக்கேனில் சிம்னி உடைஞ்சா சிம்னி, திரி தீர்ந்தா திரி. விளக்கு அப்படியே இருக்கும். இப்போ வர்ற மலிவு லைட் பலதில் பேட்டரியை உள்ளே வச்சு மூடிடறாங்க. ரெண்டு வருஷத்தில் பேட்டரி போயிடும். எல்ஈடி நல்லாத்தான் இருக்கும், ஆனா முழுசும் குப்பை. எங்க மோட்டார் கொட்டகையில் அப்படி மூணு கிடக்கு.

வெளிச்சத்திலும் குறை உண்டு. அரிக்கேன் சுத்திலும் காட்டும். தலை லைட் எதிரே ஒரு வட்டம் மட்டும் காட்டும். வரப்போரத்தில் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியன் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும். நீலம் கலந்த வெள்ளைக்குப் பூச்சி வேற அதிகமா வந்து முகத்தில் மோதும். மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறைவு. சேறு பட்ட கையால் அழுத்துற மாதிரி பெரிய சுவிட்சும் வேணும்.

இதெல்லாம் செய்ய முடியாத காரியம் இல்லை. ஐரோப்பிய யூனியனில் 2027 பிப்ரவரியிலிருந்து, சிறு கருவிகளின் பேட்டரியை வாங்கினவரே கழற்றி மாற்ற முடியணும் என்பது பொதுவிதி. இங்கயும் கேட்டு வாங்கினால்தான் வரும். விளக்கு வாங்கும்போது நீங்க பாருங்க: 18650 செல் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம்) போட்டு எடுக்கிற மாதிரி இருக்கா? ஐபிஎக்ஸ் 4 என்று போட்டிருக்கா? அப்படின்னா தண்ணி தெறிச்சாலும் தாங்கும். மலைக்கு வர்ற உங்களுக்கு அது ரெண்டு நாள் சௌகரியம். எங்களுக்கு வருஷம் பூரா ராத்திரிப் பாதுகாப்பு.