வானத்துப் பாம்பும் பழைய படமும்

கிரகணத்தன்று சூரியனைப் பாம்பு விழுங்குகிறது என்று நம் முன்னோர் நம்பினர். வால்வெள்ளி தோன்றினால் நாட்டுக்கு ஆகாது என்று அஞ்சினர். அஞ்சியவர் சாந்தி செய்தனர். தட்சிணை பெற்றவர் வயிறு நிரம்பிற்று. மெய்யாகவே ஒரு வானத்துப் பாம்பு நம் உலகை நெருங்கிய வரலாற்றையும், மனிதர் அதனை எதிர்கொண்ட விதத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

2004ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்துக் கிட் பீக் மலையில் டக்கர், தோலன், பெர்னார்டி என்னும் மூவர் ஒரு சிறு கோளைக் கண்டனர். இரண்டு இரவுகளே அது கண்ணிற் பட்டது. பின்னர்த் தவறிப் போயிற்று. டிசம்பர் 18ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் நிலையத்தில் காரட் என்பார் அதனை மீண்டும் கண்டுபிடித்தார். அதன் குறுக்களவு ஏறத்தாழ 340 மீட்டர். எகிப்தியர் புராணத்தில் சூரியனை எதிர்க்கும் பாம்பின் பெயராகிய அபோபிஸ் என்பதே 2005இல் அதற்கு இடப்பட்டது. நம் இராகுவுக்கு உறவினன் போலும்!

2029ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அது பூமியில் மோதலாம் என்று கணக்குக் காட்டிற்று. டிசம்பர் 27ஆம் நாள் அவ்வாய்ப்பு 37இல் ஒன்று என்னும் அளவுக்கு உயர்ந்தது. அபாயத்தை மதிப்பிடும் டொரினோ அளவையில் அது 4ஆம் படியைத் தொட்டது; வேறெந்தச் சிறு கோளும் அப்படியை எட்டியதில்லை.

இந்த ஐயம் எதனால் எழுந்தது? வண்டி நாலடி நகர்ந்ததை மாத்திரம் கண்டவன், அது எவ்வூர் சேரும் என்று எங்ஙனம் உரைப்பான்? தடம் நீளமாகத் தெரியத் தெரியவே சேருமிடம் துலங்கும். ஆகவே வானநூலார் பழைய படங்களைத் துருவினர். அதே கிட் பீக் மலையில் மார்ச் 15ஆம் நாள் எடுத்த படங்களில், எவரும் கவனியாத மங்கிய புள்ளியாக அக்கல் கிடந்தது. அதனைச் சேர்த்துக் கணக்கிட்டதும் 2029இன் அபாயம் அன்றே நீங்கிற்று. கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இதனை நன்கறிவோம்: தொகை ஒவ்வாதபோது விடை பழைய ஏட்டின் ஒரு மூலையிலேயே கிடக்கும்.

ஆயினும் அந்நாளில் நம்மவர் வானத்தை நோக்கவில்லை, பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தனர். முதல் நாள், டிசம்பர் 26இல், சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்க, எழுந்த பேரலை பினாங்கையும் கெடாவையும் தாக்கிற்று, நாகப்பட்டினத்தைச் சூறையாடிற்று, 14 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவ்வலை நாகைக் கரை சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. பசிபிக் கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்துமாக் கடலுக்கோ இல்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்து வரக்கூடிய கல்லைக் கணக்கிட்ட உலகம், இரண்டு மணியில் வரும் அலையை மீனவர்க்கு அறிவிக்க வழியின்றி நின்றது! இதனை விதி என்பதா? ஏற்பாடின்மை என்பதே உண்மை. பின்னர் இந்துமாக் கடலுக்கும் எச்சரிக்கை ஏற்பாடு அமைந்தது, மாண்டவர் மீள்வரோ?

2021 மார்ச்சில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ராடார், 1 கோடியே 70 இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அக்கல்லின் தூரத்தை 150 மீட்டர் நுட்பத்தில் அளந்தது. அடுத்த நூறாண்டுக்கு அதனால் மோதல் இல்லை என்று முடிவாயிற்று. 2029இல் அது தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடக்கும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா நாட்டார் அதனை வெறுங்கண்ணாலேயே காண்பர். அப்போது நம் மலேசியா, சிங்கப்பூரில் ஏப்ரல் 14ஆம் நாள் விடியற்காலையாயிருக்கும்.

பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை என மேனாட்டு மூடரும், சித்திரைப் பிறப்பில் தோஷம் என நம் சோதிடரும் அன்று கதை கட்டுவர். அன்பர்காள்! பரிகாரத்துக்குக் காசு கேட்போரிடம் ஒன்றே கேளுங்கள்: “உமது கணக்கு எங்கே?”