செப்டிக் டேங்க் லாரி எங்கே போகுது?

போன மாசம் திருவண்ணாமலையில் எங்க வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பிடுச்சு. லாரி வந்தது, குழாயை விட்டாங்க, அரை மணி நேரத்தில் வேலை முடிஞ்சது. கிளம்பும்போது ஓட்டுநரிடம், "அண்ணே, இதை எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்கு தம்பி?"ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டார். அவர் சொல்லாத பதிலைத் தேடினதுதான் இந்த எபிசோட்.

முதலில் டேங்கின் கதை. 1860 வாக்கில் பிரான்ஸில் ழான் லூயி மூரா என்பவர் வீட்டுக் கழிவுக்கு ஒரு மூடிய தொட்டி கட்டினார். 1881இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரத்தில் டொனால்ட் கேமரூன் அதே மாதிரி ஒன்றைக் கட்டி, 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். செப்டிக் என்றால் அழுகுவது. கனமானது அடியில் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

ஆனால் எல்லாவற்றையும் தின்னாது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அடியில் சேர்ந்த கசடை எடுத்தே ஆகணும். நாங்க கோட் எழுதும்போது 'இதை அப்புறம் பார்த்துக்கலாம்'னு ஒரு குறிப்பு போட்டுட்டுப் போவோம் இல்லையா, செப்டிக் டேங்கும் அப்படித்தான். அந்த 'அப்புறம்' யார் தலையில் விழுந்தது?

நம்ம நாட்டில் அது பெரும்பாலும் தலித் மக்கள் தலையில் விழுந்தது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993இல் சட்டம் தடை செய்தது. பாதுகாப்பில்லாமல் டேங்குக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்தது. உள்ளே தேங்கும் விஷவாயு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும். 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை என்பதுதான் இதற்கு அர்த்தம்.

சரி, லாரி வந்ததால் மனிதன் உள்ளே இறங்க வேண்டியதில்லை. ஆனால் லாரி எங்கே போகும்? சுத்திகரிக்க இடமே இல்லாத ஊரில் ஏரி, ஓடை, ஊருக்கு வெளியே இருக்கும் காலி நிலம்தான். மணல் பாங்கான கடலோர ஊர் என்றால், கொட்டியது சீக்கிரமே கிணற்றுத் தண்ணீரில் கலந்துவிடும்.

இப்போ கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறுங்க. செங்கல்பட்டு தாண்டி, மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால் கருங்குழி என்று ஒரு சின்ன பேரூர். பௌர்ணமிக்குப் போகும்போதெல்லாம் தூங்கிக்கொண்டே கடந்த ஊர். தமிழ்நாட்டின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017இல் அங்கேதான் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்குச் சுமார் 23,000 லிட்டர் கொள்ளளவு. பக்கத்து மதுராந்தகத்துக்கும் சேர்த்துத்தான்.

உள்ளே ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை. லாரி கொட்டுவதைச் சல்லடையில் வடிக்கிறார்கள். மணலும் ஜல்லியும் பரப்பிய படுகையில் கசடு வெயிலில் காய்கிறது. வடியும் தண்ணீர், செடிகள் வளரும் ஜல்லித் தொட்டி வழியாகப் போகிறது. காய்ந்த கசடு உரமாகிறது.

அதே 2017இல்தான் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படமும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். மணல், ஜல்லி, வெயில், செடி எல்லாமே நம்மிடம் எப்போதும் இருந்தவை. கேமரூன் டேங்க் கட்டி 122 வருஷம் கழித்துத்தான் மீதி வேலைக்கு ஒரு இடம் கட்டினோம். மலிவாக முடிக்க மனிதர்களும் ஏரிகளும் இருந்தவரை யாருக்கும் அவசரம் இல்லை.

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். லாட்ஜ்களும் வீடுகளும் பெருகுகின்றன, டேங்குகளும்தான். அடுத்த முறை உங்க தெருவுக்கு லாரி வந்தா, அது எங்கே போகுதுன்னு கேளுங்க. அண்ணன் சிரிச்சா, அவரை விட்டுட்டு வார்டு கவுன்சிலரைக் கேளுங்க. நான் கேட்டுட்டேன், பதில் வந்ததும் சொல்றேன்.